உப்புப் படிந்த பெல்ட்

அத்தியாயம் 6

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, காணாமல்போன யோஷ்கோவின் மனைவி நெவென்கா, சார்ஜென்ட் பெர்னியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை.

"நாப்பத்தெட்டு மணி நேரம் ஆச்சு சார்ஜென்ட். தண்ணி இல்லாம ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? டாக்டர் உங்ககிட்ட சொல்லியிருப்பார். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க."

டாக்டர் சொல்லித்தான் இருந்தார். வெயிலில் கிடந்தால் ஒரு நாள். குழிக்குள் குளிர்ச்சியில் கிடந்தால் மூன்று நாள், அதுவும் பெரிதாக அடிபடாமல் இருந்தால். பெர்னி அதைச் சொல்லவில்லை. நெவென்காவின் கைமேல் தன் கையை வைத்தாள், அவ்வளவுதான்.

வெயில் நாற்பத்தாறு டிகிரி. பாலைவன ஊரான வில்கராவில் ஓப்பல் ரத்தினக் கல் தோண்டுகிற அத்தனை பேரும் இரண்டு நாளாக எட்டு மைல் என்கிற சுரங்க வயலில்தான் இருந்தார்கள். அறுபது பேர், அறுபது டார்ச், ஒவ்வொரு குழியாகக் குனிந்து "யோஷ்கோ! யோஷ்கோ!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. அந்த வயலில் மட்டும் இரண்டாயிரம் குழிகள். எதற்கும் வேலியில்லை, மூடியில்லை. ஒவ்வொன்றும் ஒரு பனை ஆழம்.

யோஷ்கோவின் பிக்கப் வண்டி அவருடைய சொந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றது. சாவி வண்டியிலேயே. சாப்பாட்டு டப்பா சீட்டின் மேல். ஆள் மட்டும் இல்லை. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்.

"சொந்தக் குழிக்குள்ள நாலு தடவை இறங்கிட்டோம் பாஸ்" என்றான் கான்ஸ்டபிள் ஸ்பிரோ. "எனக்கே அங்க வாடகை கேட்பாங்க போல."

ஸ்பிரோ கிரேக்கக் குடும்பத்துப் பையன். இருபத்தாறு வயது. பயம் அதிகமானால் ஜோக்கும் அதிகமாகும். இன்று காலையிலிருந்து நிறுத்தவே இல்லை.

கொஞ்ச தூரத்தில் நெவென்காவின் தம்பி ட்ரஷென் ஒரு குழி விளிம்பில் மண்டியிட்டிருந்தான். யோஷ்கோவும் அவனும் ஒரே குழியில் பன்னிரண்டு வருஷமாகக் கூட்டாகத் தோண்டுகிறவர்கள். இரண்டு நாளாக அவன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கண்ணிரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. குரலே போய்விட்டது. ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெர்னிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. போலீஸில் சேர்வதற்கு முன்னால் அவள் அப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் ஒன்பது வருஷம் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றவள். மூளை ஓடாதபோது கை தானாகப் பானட்டைத் திறக்கும். திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வண்டியை நல்லா வச்சுக்குவாரா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம இருந்தாலும் இருப்பாரு, இதைத் திறக்காம இருக்க மாட்டாரு" என்றாள் நெவென்கா. "பாலைவனத்துல பெல்ட் அறுந்தா பொணம்தான்னு சொல்லிச் சொல்லியே அமுக்கிப் பார்ப்பாரு. என் கையை அத்தனை தடவை பிடிச்சிருந்தா..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பெல்ட்டுகள். ஒன்று ஃபேனையும் டைனமோவையும் ஓட்டுவது. இன்னொன்று வண்டியின் முன்பக்கம் பூட்டியிருந்த, இரும்புக் கயிற்றால் பாரம் இழுக்கும் விஞ்சுக்காக, அதன் பம்பை ஓட்டுவது.

பெர்னி முதல் பெல்ட்டில், இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமாகப் போகிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அரை அங்குலம் உள்ளே போய் நின்றது. கச்சிதம். முறுக்கித் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். வெடிப்பில்லை, நூல் பிரியவில்லை, பக்கவாட்டில் பளபளப்பும் ஏறவில்லை.

"பெல்ட்டுக்கு டென்ஷன் சரியா இருக்கா பாஸ்?"

"சரியா இருக்கு."

"குடுத்து வச்ச பெல்ட். நமக்குத்தான் ஜாஸ்தி."

பெல்ட்டின் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டினாள். நாக்கில் வைத்தாள்.

"பாஸ், பசிச்சா சொல்லுங்க. என்கிட்ட சாண்ட்விச் இருக்கு. பெல்ட்டை ஏன் நக்கறீங்க?"

"உப்பு" என்றாள் பெர்னி.

ஸ்பிரோ எட்டிப் பார்த்தான். புல்லியின் ஓரங்களில் மெல்லிய ஆரஞ்சு நிறம். துரு. வில்கராவில் வண்டிகள் துருப்பிடிப்பதில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கைவிட்ட வண்டிக்குக்கூடப் பெயின்ட் அப்படியே இருக்கும்.

பெர்னியின் விரல் இரண்டாவது பெல்ட்டுக்குப் போனது. அமுக்கியதும் தொளதொளவென்று இரண்டு அங்குலம் உள்ளே போனது. பக்கவாட்டைத் திருப்பினாள். கண்ணாடிபோல் மினுங்கியது. ரப்பர் கருகிய வாடை இன்னும் போகவில்லை. பானட்டின் உள்பக்கமெல்லாம் கரி தெளித்ததுபோல் கறுப்புத் தூள்.

"ஸ்பிரோ, இங்க பாரு. பெல்ட் தளர்ந்து போச்சுன்னா புல்லியைப் பிடிக்காது. வழுக்கும். வழுக்க வழுக்கச் சூடாகி, தன்னைத்தானே அரைச்சுத் தூளாக்கிக்கும். யாரோ இந்த விஞ்சைப் போட்டு ரொம்பப் பெரிய பாரத்தை இழுத்திருக்காங்க. பெல்ட் கருகற வரைக்கும் விடாம இழுத்திருக்காங்க."

"யோஷ்கோவே இழுத்திருக்கலாமே?"

"வாரா வாரம் பெல்ட்டை அமுக்கிப் பார்க்கற மனுஷன். வாடை வந்த உடனே நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, இழுத்துக் கட்டியிருப்பார். இது வேற ஆள் கை."

நெவென்கா இன்னும் நெருங்கி வந்தாள்.

பெர்னி குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆள் இந்த வண்டியை எங்கேயோ உப்புத் தண்ணியில இறக்கியிருக்கான். அப்புறம் கொண்டுவந்து இங்க விட்டிருக்கான். நாம அறுபது பேர் ரெண்டு நாளா தப்பான வயல்ல கத்திக்கிட்டு இருக்கோம்."

ஸ்பிரோ முதல்தடவையாக ஜோக் எதுவும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினான். "பாஸ், ட்ரஷென் குடுத்த வாக்குமூலம். 'செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு வீட்டுல படுத்திருந்தேன். யோஷ்கோ வண்டி கீச்சுகீச்சுன்னு கத்திக்கிட்டு எட்டு மைல் பக்கம் போச்சு.' அப்பவே யோசிச்சேன், இந்த வண்டி கத்தி நான் கேட்டதே இல்லையே."

"பெல்ட் சரியா இருந்தாக்கூட நனைஞ்சா கத்தும். அப்போ ஆறு மணிக்கு ஈரம் காயல. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் தண்ணியில இறங்கியிருக்கு. இந்த ஊர்ல மழை பெஞ்சு எத்தனை மாசம்?"

"பதினாலு."

"தண்ணி ஓடற இடம் ஒண்ணு சொல்லு."

"பப்ல பீர் ஓடும் பாஸ். தண்ணின்னா..." சட்டென்று நிறுத்தினான். "கிளெனிஸ்!"

கிளெனிஸ், ஊருக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் ஆலையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள். நிலத்தடியிலிருந்து உப்புநீரை எடுத்து, உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரை ஊருக்கும் மிஞ்சிய உப்புக் கழிவுநீரைக் குழாய் வழியாகத் தொலைவில் இருக்கும் உப்பளத்துக்கும் அனுப்புவாள். போனை எடுத்ததும் எரிந்து விழுந்தாள்.

"குழாய் வெடிச்ச விஷயமா? ரெண்டு நாள் கழிச்சா கேட்கறீங்க? செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வெடிச்சுது. அஞ்சரைக்குத்தான் நான் கவனிச்சு இங்கேயிருந்தே வால்வை மூடினேன். ரோட்டுல முழங்கால் ஆழத்துக்குக் குளம்."

"எந்த ரோடு கிளெனிஸ்?"

"ஜெரிக்கோ வயலுக்குப் போற மண் ரோடு. அங்கதான் இப்ப ஒருத்தரும் போறதில்லையே."

பெர்னி போனை வைத்தாள். "ஜெரிக்கோ."

"பைபிள்ல சுவரெல்லாம் இடிஞ்சு விழுந்த ஊர்" என்றான் ஸ்பிரோ. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமென்று அவனுக்கே தோன்றியது.

போலீஸ் ஜீப் வயலின் மறுகோடியில் இருந்தது. அது வருகிறவரை காத்திருக்க நேரமில்லை. நாலு மணிக்குப் புழுதிப்புயல் வருமென்று காலையிலிருந்தே ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. பெர்னி யோஷ்கோவின் பிக்கப்பிலேயே ஏறினாள். அது தடயம். இருந்தாலும் ஏறினாள். வாக்கிடாக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டே வரி: "நானும் ஸ்பிரோவும் ஜெரிக்கோ போறோம். மீட்புப் படை தயாரா இருக்கட்டும்."

நெவென்கா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடி வந்தாள். அப்புறம் புழுதியில் நின்றுவிட்டாள்.

*

ஜெரிக்கோவில் வெள்ளை மண்மேடுகள் கண்ணுக்கு எட்டிய வரை. சுண்ணாம்பைக் கொட்டி வைத்ததுபோல் கண்ணைக் கூசியது. நானூறு குழிகள். மணி மூன்றேகால். மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழும்பத் தொடங்கியிருந்தது.

"நானூறு குழி, ரெண்டு பேர், முக்கால் மணி நேரம்" என்றான் ஸ்பிரோ. "கணக்குல நான் வீக் பாஸ். ஆனா இது எனக்கே உதைக்குது."

"குழியைப் பார்க்காத. தரையைப் பாரு."

"தரையிலயா?"

"மண்ணு வெள்ளை. பெல்ட் தூள் கறுப்பு. வண்டி நின்னு திணறின இடத்துல முன்சக்கரத்துக்கு நடுவுல கொட்டியிருக்கும். காத்து வந்தா அதுவும் போயிடும். ஓடு."

ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். வெயில் தலையில் அடித்தது. பெர்னிக்கு வாயில் எச்சில்கூட ஊறவில்லை. ஒரு இடத்தில் கறுப்பாகத் தெரிந்தது. போனால் பழைய எண்ணெய்க் கறை. இன்னொரு இடத்தில் யாரோ எப்போதோ மூட்டிய அடுப்புக் கரி. மூன்று முப்பது. மூன்று நாற்பது. முதல் காற்று வந்து காலடி மண்ணைப் பாம்புபோல் இழுத்துக்கொண்டு போனது.

"பாஸ்!"

ஸ்பிரோ கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில், வெள்ளை மண்ணில் கண்மை சிந்தியதுபோல் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. இரண்டு பக்கமும் சக்கரங்கள் தோண்டிய ஆழமான பள்ளம். பத்தடி தள்ளிக் குழி. குழியின் மேல் மூன்று கால் இரும்புச் சட்டம், அதன் உச்சியில் உருளை. பக்கத்தில் நட்டிருந்த மரக்கட்டையில் பெயர்: மெக்ரே.

"மெக்ரே கிழவர் இதய ஆபரேஷனுக்கு அடிலெய்ட் போய் மூணு வாரம் ஆச்சே" என்றான் ஸ்பிரோ. "இது அவர் குழி பாஸ். யோஷ்கோ இங்க எதுக்கு..." அவனுக்குப் புரிந்துவிட்டது. "எலி வேலை."

அடுத்தவன் குழியில் இறங்கித் திருடுகிறவனை அந்த ஊரில் எலி என்பார்கள். எலி என்று பெயர் வாங்கியவனுக்கு வில்கராவில் யாரும் ரொட்டிகூட விற்க மாட்டார்கள். யோஷ்கோ, மெக்ரேயின் நண்பர்.

பெர்னி பிக்கப்பை அதே சக்கரப் பள்ளத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குழி விளிம்பில் படுத்தாள். உருளையிலும் உள்சுவரிலும் இரும்புக் கயிறு அறுத்த புதுத் தடம் கீழே வரைக்கும் போயிற்று.

"கயிறு கீழேயிருந்து மேல வந்திருக்கு. இவன் எதையும் உள்ள தள்ளலை ஸ்பிரோ."

"தூக்கப் பார்த்திருக்கான்" என்றான் ஸ்பிரோ மெதுவாக. "கொல்றவன் எதுக்குத் தூக்கப் பார்க்கணும்?"

"வண்டியை ஆஃப் பண்ணு."

இன்ஜின் நின்றது. பெர்னி குழிக்குள் இறங்கிய இரும்பு ஏணியைக் கல்லால் மூன்று தடவை தட்டினாள். காதை மண்ணோடு வைத்தாள். காற்று. காற்று மட்டும். இன்னும் மூன்று தடவை தட்டினாள்.

கீழே எங்கேயோ, ரொம்ப ஆழத்தில், டக்.

அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், டக் டக்.

ஸ்பிரோ கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கிப் போய்விட்டான். பெர்னி வாக்கிடாக்கியில் கத்தினாள். பதில் துண்டு துண்டாக வந்தது: மீட்புப் படை கிளம்பிவிட்டது, ஆனால் புயல் ரோட்டை மூடிவிட்டது, ஐம்பது நிமிஷமாவது ஆகும்.

கீழேயிருந்து ஸ்பிரோவின் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் வந்தது. "கூரை விழுந்திருக்கு பாஸ்! ஒரே பாறை, கதவு சைஸ், வழியை மூடிக்கிட்டு நிக்குது! சந்துல கை விட்டேன், விரல் தட்டுப்படுது, அசையுது! மேலேயிருந்து மண்ணு உதிர்ந்துகிட்டே இருக்கு. ஐம்பது நிமிஷமெல்லாம் இது தாங்காது!"

புயல் வந்து விழுந்தது. பகல் போய்விட்டது. செந்தூளில் தன் கை தனக்கே தெரியவில்லை. பெர்னி பிக்கப்பின் முன்பக்கத்தைத் தடவித் தடவி விஞ்சைப் பிடித்தாள். தொளதொளத்த அந்த பெல்ட்டால் ஒரு நாற்காலியைக்கூட இழுக்க முடியாது.

அப்போது செம்மண் இருட்டுக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. ஒரு வண்டி மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஒரு இடத்திலும் தயங்காமல் வந்து, பெர்னியின் பக்கத்தில் நின்றது. ட்ரஷென் குதித்து இறங்கினான். வண்டி நிறைய ஜாக்கி, மரக்கட்டைகள், கடப்பாரை.

"உயிரோட இருக்காரா?" கட்டிய தொண்டையில் அவன் கத்தினான். "சார்ஜென்ட், உயிரோட இருக்காரா?"

பெர்னி அவனையே பார்த்தாள்.

"நான் ஜெரிக்கோன்னுதான் சொன்னேன். எந்தக் குழின்னு சொல்லலையே ட்ரஷென்."

அவன் பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க... உங்க வண்டி வெளிச்சம் பார்த்தேன்."

"வண்டி ஆஃப்ல இருக்கு. ஆறு மணிக்கு வீட்டுல படுத்துக்கிட்டே வண்டி கத்தினதைக் கேட்டேன்னும் சொன்ன. உன் வீடு மலைக்குள்ள குடைஞ்ச வீடு. தலைக்கு மேல பதினஞ்சு அடி பாறை. ஏரோப்ளேன் போனாலே உள்ள கேட்காது. வண்டி கத்தினது உனக்கு எப்படிக் கேட்டுதுன்னா, ஓட்டினதே நீதான்."

ட்ரஷென் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வருஷமா ஒரு கல்லு கிடைக்கலை" என்றான். "மெக்ரே குழியில நல்ல கல்லு இருக்குன்னு நான்தான் சொன்னேன். அவர் வேண்டாம்னாரு. ஒரே ஒரு தடவைன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். கூரை விழுந்துது. ஒரு மணி நேரம் இழுத்தேன் சார்ஜென்ட், பாறை நகரவே இல்லை. செத்துட்டாருன்னு நெனச்சேன். செத்தவருக்கு எலின்னு பேர் வேண்டாம், அக்கா இந்த ஊர்ல தலைநிமிர்ந்து இருக்கணும்னு..."

"பேச்சு அப்புறம். எந்திரி. கடப்பாரையை எடு."

யோஷ்கோவின் டூல் பாக்ஸில் எல்லாம் வரிசையாக இருந்தது. பதினான்காம் நம்பர் ஸ்பானர், உப்புத்தாள். பெர்னி பம்பைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றினாள். மினுங்கிய பக்கங்களில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தாள். ரப்பர் மறுபடி சொரசொரப்பாகும் வரை தேய்த்தாள். மண் கண்ணை அறுத்தது. ட்ரஷென் தன் சட்டையைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தான்.

"பாஸ்!" கீழேயிருந்து. "இவர் கை அசையறது நின்னுடுச்சு!"

பெல்ட்டை மாட்டினாள். "கடப்பாரையைப் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல குடுத்து வெளியே நெம்பு. மெதுவா. இன்னும். இன்னும். நிறுத்து!"

ட்ரஷென் நெம்பிப் பிடிக்க, அவள் போல்ட்டை முறுக்கினாள். கட்டைவிரலால் அமுக்கினாள். அரை அங்குலம்.

"இன்னும் இறுக்கிடலாம் சார்ஜென்ட்! கல்லு மாதிரி இறுக்கிடலாம்!"

"இறுக்கினா பம்ப்போட பேரிங் போயிடும். அப்புறம் இந்த விஞ்சும் கிடையாது." சாவியைத் திருப்பினாள். இன்ஜின் எழுந்தது. "ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். மறுபடி பார்க்கணும்."

"ஒரு நிமிஷமா? அவர் அங்க சாகறாரு!"

"நமக்கு ஒரு தடவைதான் ட்ரஷென். பாதி தூக்கறப்ப பெல்ட் வழுக்கிச்சுன்னா பாறை ஸ்பிரோ தலையிலயும் விழும்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ பிரார்த்தனையை முணுமுணுத்தான். பெர்னி மனதுக்குள் அறுபது வரை எண்ணினாள். நிறுத்தினாள். அமுக்கினாள். முக்கால் அங்குலம் போனது. சூட்டில் இளகி உட்கார்ந்திருந்தது. மறுபடி நெம்பி, மறுபடி முறுக்கி, மறுபடி அமுக்கினாள். அரை அங்குலம்.

ட்ரஷென் அந்த இரண்டு போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானா?" என்றான். "அன்னிக்கு நான் இதைச் செஞ்சிருந்தா..."

மரக்கட்டைகளையும் ஜாக்கியையும் கட்டிக் கீழே இறக்கினார்கள். ஸ்பிரோ இரும்புக் கயிற்றைப் பாறையில் மாட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

விஞ்ச் இழுத்தது. கயிறு விறைத்தது. சட்டத்தின் மூன்று கால்களும் முனகின. முன்சக்கரங்கள் பழைய பள்ளத்தில் இன்னும் ஒரு அங்குலம் இறங்கின. பெல்ட் கத்தவில்லை. சுழன்றது, பிடித்தது, சுழன்றது.

"நகருது!" ஸ்பிரோவின் குரல் உடைந்தது. "நாலு விரல்... ஒரு சாண்... பிடிங்க பாஸ், அப்படியே பிடிங்க, கட்டையைச் சொருகறேன்!"

அப்புறம் கீழேயிருந்து நீண்ட நேரம் குரலே வரவில்லை. ட்ரஷென் குழி விளிம்பில் குப்புறப் படுத்திருந்தான்.

"வெளியே இழுத்துட்டேன்" என்றான் ஸ்பிரோ கடைசியில். "மூச்சு இருக்கு. கால் ஒண்ணு போச்சு, ஆனா மூச்சு இருக்கு. தண்ணி கேட்கறார் பாஸ். அதட்டிக் கேட்கறார்."

*

புயல் கடந்து வானம் வெளுத்தபோது மணி ஐந்து. மீட்புப் படை யோஷ்கோவைப் படுக்கையில் கட்டி மேலே கொண்டுவந்தது. உதடு வெடித்து, முகமெல்லாம் வெள்ளை மண் அப்பி, அடையாளமே தெரியவில்லை. ஆம்புலன்ஸில் வந்த நெவென்கா பக்கத்தில் மண்டியிட்டு, ஈரத்துணியால் அவர் கண்களை முதலில் துடைத்தாள்.

"மெக்ரே குழி" என்றார் யோஷ்கோ. "திருட வந்தேன் நெவென்கா. மறைக்காத. நானே சொல்லிக்கறேன்."

"பேசாதீங்க."

"தம்பியைத் திட்டாத. அவன் இழுத்தான். ரொம்ப நேரம் இழுத்தான். நானும் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். பெல்ட் கத்தின கத்துல அவனுக்கு என் சத்தம் கேட்கலை."

நெவென்கா எழுந்து திரும்பினாள். ட்ரஷென் பத்தடி தள்ளி நின்றான், கையில் விலங்கு. ஸ்பிரோ அவன் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"நீ அவரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் அக்கா. சத்தியமா பத்துத் தடவை கூப்பிட்டேன். பதிலே வரலை. செத்துட்டாருன்னு..."

பெர்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க விருப்பமில்லை. ஆனால் அறிக்கையில் அது இருந்தாக வேண்டும்.

"இன்ஜினை நிறுத்திட்டுக் கூப்பிட்டியா ட்ரஷென்?"

அவன் குழியைப் பார்த்தான். சட்டத்தைப் பார்த்தான். பிக்கப்பைப் பார்த்தான்.

"நிறுத்தினா மறுபடி கிளம்பாதோன்னு பயமா இருந்துச்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "யாராவது வந்துடுவாங்களோன்னும் பயமா இருந்துச்சு."

ஆம்புலன்ஸ்காரர்கள் படுக்கையை உள்ளே ஏற்றினார்கள். நெவென்கா தம்பியின் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று பெர்னி நினைத்தாள். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"எங்க வீட்டுச் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்கு. குடு."

ட்ரஷென் விலங்கிட்ட கைகளால் கால்சட்டைப் பையைத் தேடினான். எட்டவில்லை. இரண்டு தடவை முயன்றான். ஸ்பிரோ குனிந்து அவன் பையில் கைவிட்டு, சாவிக்கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி நெவென்காவின் கையில் வைத்தான்.

அவள் அதை மூடிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறி, கதவைச் சாத்தினாள்.